மாதாவிடம் கொடுத்த ஃபைல்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்த சரக்கை வெளியே எடுக்கவும், போகிற சரக்கை ஏற்றவும் வேண்டிய தாள்களைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்ப்பது என்று நாகரிகமாகச் சொல்கிறேன். உண்மையில் ஒரு தாள் குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புவதுதான் வேலை. “ஒரிஜினல் எங்க அண்ணாச்சி?” என்று கேட்டு யாரிடமாவது திட்டு வாங்காத நாள் கிடையாது. அப்படிப்பட்டவள், என் உடம்பைப் பற்றிய தாள் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் முப்பத்தாறு வயது வரை நடமாடியிருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அந்த வெட்கம். இன்னொரு காரணமும் உண்டு. என்னைப் போலச் சின்ன வயதில் புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் இந்தக் கரையில் இன்னும் சிலராவது இருப்பார்கள். எல்லாம் முடிந்துபோனது என்றுதான் அவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் மே மாதம் ஆரம்பித்தது. எங்கள் ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஒரு நாள் காலையில் பாதிப் படியில் நின்றுவிட்டேன். வெயில் என்று நினைத்தேன். மறுநாளும் நின்றேன். ஒரு வாரத்தில் பாதிப் படி என்பது கால்வாசிப் படி ஆனது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்து கிடந்தது. மல்லாந்து படுத்தால் இருமல் வந்தது. ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன்.

தெரு டாக்டர் முதலில் ஆஸ்துமா என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். பிறகு ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை எழுதினார். சின்ன வயதில் எனக்கு என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. அது என் நினைப்பிலேயே இல்லை.

என் வீட்டுக்காரர் ரெக்ஸ் மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் எஞ்சின் டிரைவர். கடல் கொந்தளிக்கிற அந்த மாதங்களில் தோணிகள் போகாது என்பதால் வீட்டில் இருந்தார். நான் துணி காயப்போட்டுவிட்டு வந்து மூச்சு வாங்குவதை ரெண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் பைக் சாவியை எடுத்தார்.

“ஏளா, ஆயில் அடைச்ச எஞ்சின் மாதிரில்லா மூச்சு விடுத. எஞ்சினுன்னா நானே கழத்திப் பாத்திருவேன். இத என்ன செய்ய? கெளம்பு, திருநெல்வேலி போவோம்.”

அம்மாவும் கிளம்பினாள். அப்பா இறந்த பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். பைக்கை வைத்துவிட்டு மூவரும் பஸ்ஸில் போனோம்.

இதய ஆஸ்பத்திரிகளில் காத்திருக்கும் அறையில் பேச்சுச் சத்தமே இருக்காது என்பதை அன்றுதான் கவனித்தேன். என் டோக்கன் நாற்பத்தொன்று. சுற்றியிருந்த எல்லோருக்கும் என் அம்மா வயது. ஒருவர் அம்மாவிடம், “நோயாளி நீங்களா?” என்று கேட்டார். அம்மா என்னைக் கைகாட்டினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எக்கோ என்பது வலியில்லாத பரிசோதனை. நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை அழுத்தி, இதயம் வேலை செய்வதைத் திரையில் பார்க்கிறார்கள். இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும் உள்ளே இருக்கிற ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண் தருவார்கள். எனக்கு முப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் அதைவிடக் கூட வாங்கியிருக்கிறேன்.

டாக்டர் என் வயதுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே வரிசையாகக் கேட்டார். சர்க்கரை? இல்லை. பிரஷர்? இல்லை. குழந்தை பிறந்திருக்கிறதா? இல்லை. சின்ன வயதில் பெரிய நோய் ஏதாவது?

“கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. சரியாயிட்டு.”

“ஆபரேஷனா?”

“இல்ல டாக்டர். மருந்து ஏத்துனாவ. கரண்ட் வச்சாவ.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன கட்டிங்க அது?”

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. ‘அந்த வருஷம்’ என்றுதான் சொல்வோம். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாம் மதுரையில் இருந்தோம். அந்த வருஷம் உனக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சு. கல்யாணம் பேசும்போதுகூட அம்மா ரெக்ஸ் வீட்டாரிடம் கழுத்தில் ஒரு கட்டி என்றுதான் சொன்னாள். முழுப் பெயரை முதல் முறையாக என் வாயால் அந்த அறையில்தான் சொன்னேன். “கேன்சர் டாக்டர். ஹாட்ஜ்கின்.” பக்கத்தில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டது கண்ணோரத்தில் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஜடை பின்னும்போது கழுத்தில் அவள் கைக்குத் தட்டுப்பட்ட சுண்டைக்காய் அளவுக் கட்டி, ஒரு மாதத்தில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. நோய்க்கிருமிகளோடு சண்டை போட உடம்பில் ஆங்காங்கே சின்னச் சின்ன நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. அவற்றில் வருகிற புற்றுநோய் அது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு மாதம். கரண்ட் என்று நாங்கள் சொல்வது கதிர்வீச்சு. எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒரு சிவப்பு மருந்து. அது ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும். சங்கு குளிக்கிற அப்பா, சீசனை விட்டுவிட்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, “ரஸ்னா குடிக்கியாளா?” என்று கேலி செய்வார். கடலுக்கடியில் நெடுநேரம் மூச்சடக்குகிற மனுஷன், அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை பெருமூச்சாக விட்டுக்கொண்டிருப்பார்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். “அந்தச் சிவப்பு மருந்துதான் உங்களைக் காப்பாத்துச்சு. அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அது இதயத் தசையையும் கொஞ்சம் பழுதாக்கும். அந்தப் பழுது வெளியே தெரிய இருபது வருஷம், முப்பது வருஷம்கூட ஆகலாம். கரண்ட்டும் அப்படித்தான். கழுத்துல வச்சா தைராய்டு. நெஞ்சுல வச்சா இதயத்து ரத்தக் குழாய், வால்வு. பெண்களுக்கு மார்பகத்துலயும் சின்ன வயசுலயே புற்றுநோய் வர வாய்ப்பு கூடும். எல்லாருக்கும் வரும்னு சொல்லல. தேடிப் பாக்கணும்னு சொல்றேன். சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு, கரண்ட் எதுவரைக்கும்னு தெரிஞ்சா எதை எப்பத் தேடணும்னு எனக்கு ஒரு வழி கிடைக்கும். பழைய ஃபைல் எங்க?”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“கோயில்ல இருக்கு” என்றாள் அம்மா.

டாக்டருக்குப் புரியவில்லை. எங்கள் கரையில் யாருக்கும் புரியும். கடலோரத்தில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. கண் சரியானவர்கள் வெள்ளியில் கண் செய்து வைப்பார்கள், கால் சரியானவர்கள் கால். புயலில் தப்பியவர்கள் மரத்தில் சின்னத் தோணி செய்து வைப்பார்கள். பிள்ளை பிறந்தவர்கள் தொட்டில். மதுரையில் இனிமேல் மருந்து வேண்டாம் என்று சொன்ன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் நன்றிப் பூசை வைத்து, ஊரையே கூப்பிட்டு அசனம் போட்டார்கள். பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறியும். நான் மொட்டைத் தலையில் ரோஜாப்பூக் கிரீடம் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். அம்மா தன் கல்யாணப் பட்டுச் சேலையின் முந்தானையைக் கிழித்து, என் ஆஸ்பத்திரி ஃபைலை அதில் சுற்றி, மாதா காலடியில் வைத்தாள். ஒரு தாளைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்த அன்றே என்னை வார்டில் சேர்த்துவிட்டார்கள். உடம்பில் தேங்கிய நீரை இறக்க ஊசி போட்டார்கள். ஐந்து நாளில் ஆறு கிலோ குறைந்தேன், அத்தனையும் தண்ணீர். குடிக்கிற தண்ணீருக்கு அளவு, உப்புக்கும் அளவு. தூத்துக்குடிக்காரிக்கு உப்பில்லாத கஞ்சியைக் கொடுத்து, பழகிவிடும் என்றார்கள். இன்னும் பழகவில்லை. ரெக்ஸ் என் நகச்சாயத்தை எடுத்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் கோடு போட்டு வைத்தார். அந்தக் கோடு வரைக்கும்தான் தண்ணீர். எனக்கு அளந்து கொடுத்துவிட்டு, தாகமாக இருந்தாலும் என் முன்னால் அவர் குடிக்க மாட்டார், வராந்தாவுக்குப் போய்விடுவார். ஆறு வருடத்தில் எனக்கு அவர் வாங்கித் தந்த எந்தப் பொருளையும்விட அந்தக் கோடு எனக்குப் பெரிது.

இரண்டாம் நாள் ரெக்ஸ் மதுரைக்குப் போன் போட்டார். அவ்வளவு பழைய தாள்களை வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது. மீதி இருந்த வழி ஒன்றுதான். நான் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏளா, குடுத்த காணிக்கைய யாராவது திருப்பிக் கேப்பாவளா? நெனைக்கதே பாவம்.”

“டாக்டர் கேக்காவல்லாம்மா.”

“டாக்டருக்கு என்ன தெரியும்? நான் மாதாகிட்ட சும்மாவா வச்சேன்? இந்த நோவ நீயே வச்சுக்க தாயேன்னு சொல்லில்லா வச்சேன். இப்ப அத எடுத்தா நோவும் சேந்துல்லா வரும்.”

“நோவு மாதாகிட்ட இல்லம்மா. எங்கிட்டத்தான் இருக்கு. இத்தன வருசமும் எங்கிட்டத்தான் இருந்திருக்கு.”

அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஆனால் எனக்கு அலுத்துவிட்டிருந்தது. ஊசிக்கும் மாத்திரைக்கும் தலையாட்டி, அம்மாவின் பயத்துக்கும் தலையாட்ட என்னிடம் தெம்பு இல்லை. அன்று சாயங்காலம் தலைவாரிவிட மட்டும் வந்தாள். வாரும்போது விரல்கள் கழுத்தில் பழைய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தன.

வீட்டுக்கு வந்த மறு வாரம் ஒரு ஆட்டோ பிடித்து அந்தக் கோயிலுக்குப் போனோம். அம்மா கூட வந்தாள், ஆனால் இறங்கவில்லை. “நான் வரல. நீங்க என்னமும் செய்யுங்க” என்று செபமாலையை எடுத்துக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும். கையில் சாவிக்கொத்து. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

“காயிதமா வச்சதெல்லாம் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா எரிச்சிருவோம்மா. கரையான் ஏறிருது.”

என் நெஞ்சு அடித்துக்கொண்டது. முப்பத்தெட்டுதான் தள்ளுகிற இதயத்துக்கு அது நல்லதில்லை.

“பட்டுல சுத்தி வச்சது” என்றார் ரெக்ஸ்.

“பட்டா?” அவர் கொஞ்சம் யோசித்தார். “பட்டுத் துணில உள்ளத எரிக்க மனசு வராது. ஒரு டிரங்குப் பெட்டில போட்டு வச்சிருக்கேன். அதுல இருந்தாலும் இருக்கும். ஆனா ஒண்ணு. வச்சவங்க வந்து கேட்டாத்தான் நான் எடுத்துத் தருவேன். அடுத்தவங்க காணிக்கைய நீங்க கேட்டு நான் தர முடியாதும்மா.”

“இவளுக்காக வச்சதுதான அண்ணாச்சி” என்றார் ரெக்ஸ்.

“இவங்களுக்காகத்தான். ஆனா வச்சது இவங்க இல்லல்லா?”

பதின்மூன்று வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற வாசகம் அது. சரக்கு உங்களுடையதாக இருக்கலாம் அண்ணாச்சி, தாளில் பேர் இருக்கிற ஆள் வரணும்.

ரெக்ஸ் ஆட்டோவுக்குப் போனார். “மாமி, நீங்க வந்து கேக்கணுமாம்” என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்லி வற்புறுத்தவில்லை. நான் கோயில் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா இறங்காவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வர என்னால் முடியாது. எனக்கே நடக்க மூச்சில்லை. அவள் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தூணைப் பிடித்திருந்ததையும், பேசாமலேயே வாய் திறந்து மூச்சு விட்டதையும் பார்த்திருக்க வேண்டும். செபமாலையை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். என்னைத் தாண்டி நேரே மாதா சொரூபத்தின் முன்னால் போய் முட்டுப்போட்டாள். வாய்விட்டே பேசினாள்.

“தாயே, நாந்தான் வச்சேன். நீ வாங்கிக்கிட்ட. புள்ளையக் குடுத்த. நான் கொற சொல்லல. இப்ப அந்தக் காயிதம் எம்புள்ளைக்கு வேணும். எனக்குத் திருப்பித் தா.”

பிறகு எழுந்து கோயில்பிள்ளையிடம், “எடுத்துத் தாங்க அண்ணாச்சி” என்றாள்.

பெட்டியில் மேலிருந்து நாலாவதாக இருந்தது. அரக்குப் பட்டு நிறம் மங்கியிருந்தது. உள்ளே ஓரங்கள் மஞ்சளாகிய தாள்கள். படிக்க முடிந்தது. கோயில் வாசற்படியில் உட்கார்ந்து புரட்டினேன். தாள் படிப்பது எனக்குத் தெரிந்த வேலை. சிவப்பு மருந்து கொடுத்த தேதிகளும் அளவும் கட்டம் போட்டு எழுதியிருந்தன. ஒரு பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தியின் உருவம் வரைந்து, கழுத்திலிருந்து நெஞ்சுவரை பென்சிலால் நிழலடித்திருந்தார்கள். அந்தச் சின்னப் பெண் நான். அவளைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

கடைசித் தாளை எடுத்தேன். டைப் அடித்த நாலு வரி. படித்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். அம்மா, “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள். தமிழில் சொன்னேன்.

“ஆயுள் முழுக்க வருடம் ஒரு தடவை இதயத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். வருடம் ஒரு தடவை தைராய்டு பார்க்க வேண்டும். பெரியவளான பிறகு மார்பகப் பரிசோதனை வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்ட வேண்டும்.”

அம்மா தாளை வாங்கி, தெரியாத எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “முடிஞ்சிட்டு, கூட்டிட்டுப் போங்கன்னுதானளா சொன்னாவ” என்றாள் கடைசியில். “அவ்வளவுதானளா எங்க காதுல விழுந்துச்சு.”

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தேழு வருடம் என் இதயத்துக்குச் செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் மாதா காலடியில் பட்டில் சுற்றிக் கிடந்திருக்கிறது. அந்தக் கோபம் இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், படிக்கத் தெரியாத ஒரு தாளைத் தன்னிடம் இருந்த ஒரே பட்டில் சுற்றியவள். அவளிடம் அதைக் காட்ட முடியவில்லை. தோளில் சாய்ந்துகொண்டேன்.

டாக்டர் அந்த ஃபைலை ஒவ்வொரு தாளாகப் படித்தார். கரண்ட் வைத்த இடத்துக்குள் இதயமும் வந்திருந்ததால் ரத்தக் குழாய்களுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். “இதுவரைக்கும் அடைப்பு இல்ல” என்று வந்தது. அந்த ‘இதுவரைக்கும்’ என்கிற வார்த்தையோடு இனி வாழ வேண்டும். தைராய்டு மந்தமாகியிருந்தது, அதற்கு விடிந்ததும் ஒரு மாத்திரை. எனக்குத் தெரிந்த என் வயதுப் பெண்கள் யாரும் படுக்காத எம்.ஆர்.ஐ. மிஷினில் மார்பகத்துக்காகக் குப்புறப் படுத்தேன். அதன் முடிவு வருகிற வரைக்கும் ஒன்பது நாள் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. அடுத்த வருடம் திரும்பவும் படுக்க வேண்டும். பிழைத்தவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்கள். அதற்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சில நாள் அசதியில் மாத்திரை டப்பாவைப் பார்த்தாலே அழத் தோன்றுகிறது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் ‘அந்த வருஷம்’ என்று ஒன்று இருந்தால், அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபைல் எங்கே என்றும் கேளுங்கள்.

இதயத்துக்குத் தந்த மாத்திரைகளை எட்டு மாதம் விழுங்கிய பிறகு எடுத்த எக்கோவில் எண் நாற்பத்தாறு. இப்போது ஆபீஸ் படியை ஒரே ஒரு தடவை நின்று ஏறிவிடுகிறேன். தோணி ஓடத் தொடங்கி ரெக்ஸ் கடலுக்குப் போய்விட்டார். போகும்போது அந்த டம்ளரின் கோட்டை இன்னொரு தடவை அழுத்தி வரைந்துவிட்டுப் போனார்.

நாற்பத்தாறு என்று சொன்னதும் அம்மா கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், பழைய ஃபைலையும் புது ரிப்போர்ட்டையும் சேர்த்து அதே பட்டில் சுற்றி, சேலைத் தலைப்பில் பொதிந்து வைத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறாள்.

“அம்மா, அது குடுக்கதுக்கு உள்ளது இல்ல” என்றேன். “வச்சுக்கிடுதது. வேற என்னமும் குடு.”

அவள் பொதியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு சண்டை என்று நினைத்து நான் சுவரில் சாய்ந்தேன். அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஃபைலை எடுத்துப் பீரோவில், எங்கள் ஞானஸ்நானச் சீட்டுகள் இருக்கிற தட்டில் வைத்துப் பூட்டினாள். வெறும் பட்டுத் துணியை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாதா காலடியில் அதை வைத்துவிட்டுத் திரும்பும்போது, ஆட்டோவில் ஏறிய பிறகு கேட்டாள்.

“அடுத்த எக்கோ எப்பளா?”

தேதியைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய், சுவரில் தொங்கிய பங்குக் கோயில் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.